டிராலி ரோட்டில் ரெண்டு விசில்

மாடசாமி கைப்பேசியிடம் மூன்று வரிதான் சொன்னான். திரையில் நான்கு இருந்தன.

அம்மா நல்லா இருக்கேன். மத்தியானம் மீன் குழம்பு. இங்கே குளிர் ஜாஸ்தி. அதற்குக் கீழே, அவன் வாயில் வராத ஒன்று: எல்லாரும் ஏறியாச்சு.

சுற்றிலும் பார்த்தான். பாதையில் யாருமில்லை. அம்மாவுக்குக் காது மந்தம், எழுத்தாகப் போனால்தான் சேதி சேரும். குளிரில் விரல் விறைத்துப் போவதால் அவன் பேசுவான், கைப்பேசி எழுதிக்கொள்ளும். இங்கே வந்த நாற்பது நாளில் இப்படி ஒரு தப்பு வந்ததில்லை. அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினான். பக்கத்தில் எஸ்டேட் துரையின் நாய் மைலோ, காதை நிமிர்த்தி மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு காலத்தில் மலை உச்சியில் பறித்த தேயிலைக் கொழுந்தை மூட்டை மூட்டையாக டிராலியில் ஏற்றி, தண்டவாளத்தின் மேல் தொழிற்சாலைக்கு இறக்கிய பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து முப்பது வருஷமாகிறது. இப்போது சரளை கொட்டி, நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம், நாயும் வரலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சனி ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் விதவிதமான நாய்களோடு வந்து இறங்குவார்கள். சாயங்காலம் பாதை மூடுவதற்கு முன்னால் உச்சிவரை போய், தங்கிவிட்டவர்களைக் கீழே அனுப்பி, குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவது மாடசாமியின் வேலை. துரை மலையடிவாரத்துத் தாப்பா டவுன் வரைக்கும் போயிருந்ததால் இன்று மைலோவும் அவன் பொறுப்பு.

கிளம்பும்போது டிக்கெட் கவுண்டரிலிருந்து சரோஜா அக்கா கழுத்தை நீட்டி, இந்த ஊர்ப் பேச்சின் 'லா' போட்டுச் சொல்லியிருந்தாள். "நாய பத்திரமா கூட்டியா தம்பி. துரைக்குப் பொண்டாட்டிகூட அப்புறந்தான் லா. இது தொலஞ்சிச்சின்னா உன்ன பிளைட்டுலகூட ஏத்த மாட்டாரு, ஊருக்கு நடந்தே போவச் சொல்லுவாரு."

"ஏங்க்கா பயமுறுத்துறீங்க?"

"மேல போயி விசில் மட்டும் அடிக்காத."

"நாயி மிரளுமோ?"

"சொன்னா கேட்டுக்க லா. கதை சொல்ல எனக்கு நேரமில்ல, ஆளு நிக்குது."

அவள் சிரிக்காமல் சொன்னதை அவன் அப்போது கவனிக்கவில்லை. ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது என்ற நினைப்பிலேயே நடந்தான். கோவில்பட்டிப் பக்கம் அவர்களுக்கு இருந்த ஆட்டுக்கிடையை விற்றுத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். திரும்பிப் போனால் மேய்க்க ஓர் ஆடுகூட மிச்சமில்லை.

உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கி, பாதி வழி வந்திருந்தபோதுதான் அந்த நான்காவது வரி. மணி ஐந்தாகவில்லை. ஆனாலும் பள்ளத்திலிருந்து ஏறிய பனி, வெட்டிச் சமன் செய்த தேயிலைச் செடிகளின் மேல் பாலாடை போலப் படிந்து, பாதையின் இரண்டு ஓரத்தையும் தின்றுவிட்டிருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. மைலோ தலையை ஒரு உதறு உதறியது. கழுத்துப்பட்டை கழன்று வாரோடு அவன் கையில் தொங்க, நாய் மேட்டைப் பார்த்து ஓடிப் பனிக்குள் மறைந்தது.

"ஏ மைலோ! வாலே இங்க!"

சத்தமில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். ஆட்டுக்கிடையில் வளர்ந்த பழக்கம் முந்திக்கொண்டது. நாக்கை மடித்தான். குட்டையாக ரெண்டு விசில். எவ்வளவு தூரத்தில் நின்றாலும் கிடைநாய் அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்துவிடும்.

சொட்டிய தண்ணீர் நின்றது. பூச்சிகளின் இரைச்சல் நின்றது. உச்சியில் இரும்போடு இரும்பு உரசி, எதுவோ நீளமாக முனகி விடுபட்டது.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "தம்பி, யாரு விசில் அடிச்சா?" சரோஜா அக்காவின் குரல்.

"நாந்தாங்க்கா. நாயி ஓடிப்போச்சு..."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

"அந்தக் காலத்துல கீழேருந்து ரெண்டு விசில் வந்தாத்தான் மேல பிரேக்க எடுப்பாங்க. ரோடு காலி, வுட்டுருன்னு அர்த்தம். ஒரு நாளு மழைன்னு பதினோரு பொம்பளைங்க கொழுந்து மூட்டை மேல ஏறிட்டாங்க. விசில் அடிச்சவன் ரோட்ட சரியா பாக்கல. கீழ ஒரு டிராலி நின்னுக்கிட்டிருந்திச்சி. ஒருத்திகூட மிஞ்சல." குரல் உடைந்தது. "ரோட்ட விட்டு எறங்கி செடிக்குள்ள போயிரு."

"தண்டவாளமே இல்லியேக்கா?"

"எறங்குன்னு சொல்றன்ல!"

"நாயி மேல இருக்கு."

"நாய வுட்டுரு லா. துரைகிட்ட நான் பேசிக்கிறன். நீ எறங்கு!"

செருப்புக்கடியில் சரளை நடுங்கியது. கழுத்தில் தொங்கிய கைப்பேசி தானாக ஒளிர்ந்தது. அம்மாவுக்கான பெட்டியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பிரேக் பிடிக்கல. பிரேக் பிடிக்கல. பிரேக் பிடிக்கல.

ஒரு கால் செடிக்குள் இருந்தது. அப்போது மேட்டில் மைலோ குரைத்தது. பயந்து குரைக்கவில்லை. தெரிந்தவர்கள் வந்தால் குரைக்குமே, அந்தக் குரைப்பு. மாடசாமி காலைப் பாதைக்கே இழுத்துக்கொண்டான். நாய் இல்லாமல் கீழே கவுண்டருக்கு எப்படிப் போவது? மேட்டைப் பார்த்து ஓடினான்.

முதலில் வாடைதான் வந்தது. கசங்கிய பச்சைக் கொழுந்து, நனைந்த சாக்கு, சூடேறிய இரும்பு. பிறகு சக்கரங்கள். பாதை முழுக்கச் சக்கரங்கள், காதுக்குள் சக்கரங்கள், பல்லுக்குள் சக்கரங்கள். கண்ணை மூடிக்கொண்டான்.

காற்று முகத்தில் அறைந்தது.

நின்றது.

கண்ணைத் திறந்தான். கையெட்டும் தூரத்தில் டிராலியின் பலகைத் தட்டு. அதன் மேல் பெண்கள், அவனுக்கு முதுகைக் காட்டி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தலையில் கூடைக் கயிறு. இடுப்பில் சாக்கு. தலைத்துண்டிலிருந்து தண்ணீர் வழிந்தது. கீழே விழவில்லை.

"மைலோ," என்றான்.

நாய் ஒருத்தியின் மடியில் படுத்திருந்தது, அவள் இடுப்போரம் வால் மட்டும் தெரிந்தது. வால் ஆடியது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கடி," என்றாள் அவள், திரும்பாமல். "புள்ள குளிருல நிக்கிறான். எடம் விடுங்க."

பலகை கிறீச்சிட்டது. எல்லாரும் ஒரே அசைவில் நகர்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விழுந்தது.

நாயைத் தூக்கிக்கொண்டு குதித்துவிடலாம். ஒரு காலைப் பலகையில் வைத்தான். கையை நீட்டினான். அப்போதுதான் நாயின் மேல் இருந்த அவள் விரல்களைப் பார்த்தான்.

கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். தடவவில்லை. பறித்துக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு கிள்ளு, மணிக்கட்டில் ஒரு சுண்டு, தோளுக்கு மேலே கூடைக்குள். ஒரு கிள்ளு, ஒரு சுண்டு. கொத்துக் கொத்தாகப் பழுப்பு முடி. மைலோவின் முதுகு பாதிக்கு மேல் சிவந்து ஈரமாகப் பளபளத்தது.

வால் ஆடிக்கொண்டே இருந்தது.

டிராலி நகர்ந்தது, அவன் தடுமாறி அந்த நடு இடத்தில் விழுந்தான். பக்கத்தில் இருந்தவள் தன் கையை நிதானமாகத் தூக்கி, அவன் தலைமுடிக்குள் விரலை விட்டு, எது முற்றல், எது கொழுந்து என்று தடவிப் பார்க்க ஆரம்பித்தாள்.