அழைப்பில் ஏற்கெனவே ஒருவர்

ஆகஸ்ட் ஏழாம் தேதி, புதன்கிழமை காலை, நான்காவது மாடியிலிருந்த செவித்திறன் பரிசோதனை மையத்துக்கு வர வேண்டிய ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் வரவில்லை.

சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிறவர் அவர். பாதி ஆயுளை இன்ஜினுக்குள் கழித்துக் காதைத் தொலைத்தவர். லிஃப்ட் கதவு திறக்கும் முன்பே அவர் குரல் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்துவிடும். பரிசோதகர் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நாற்காலிகள் காலியாக இருந்தன. ஏசியின் ஒரே சீரான இரைச்சலும், தரை துடைத்த மருந்தின் நெடியும், யாரோ பாதியில் விட்டுப்போன பத்திரிகையின் பக்கம் காற்றில் எழுந்து விழுவதும்தான் இருந்தன.

"ஒரு போன் போட்டுப் பாரேன்" என்றாள்.

வரவேற்பு மேசைப் பெண்ணை எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிட்டார்கள். காது கேளாதவர்களோடு பேசிப் பேசி, எதிரில் யார் நின்றாலும் கத்துவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவள் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். ஓட்டுநரின் மருமகள் எடுத்தாள்.

"டெஸ்ட்தான் முடிஞ்சிருச்சே மேடம்!"

"எப்போ முடிஞ்சுது?" என்றாள் பரிசோதகர், மேசை மேல் குனிந்து.

"இப்பதான், வீடியோவில. நீங்கதானே பண்ணீங்க?"

"நான் பண்ணலையே."

"என்ன மேடம், காலங்காத்தால விளையாடறீங்க. வெள்ளைக் கோட்டு, பின்னாடி அந்தப் பெரிய காது படம், உங்க ரூமேதான். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. மாமாவுக்குக் கேட்டிருக்கு போல, தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. அதுலேருந்து மனுஷன் கத்தவே மாட்டேங்கறாரு மேடம். வீடே நிம்மதியா இருக்கு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரிசோதகருக்குச் சிரிப்பு வரவில்லை.

அறைக்குப் போய்க் கணினியில் நாட்காட்டியைத் திறந்தாள். ஓட்டுநரின் பதிவுக்குக் கீழே, மையத்தின் முகவரிக்கும் அடியில், நீல நிறத்தில் ஒரு வரி: வீடியோ சந்திப்பில் சேர இங்கே அழுத்தவும். அதை அவள் போடவில்லை. கீழே இறங்கிப் பார்த்தாள். அடுத்த பதிவிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். சாப்பாட்டுக்காக அவள் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நேரத்தில்கூட, அழைக்கப்பட்டவர் யாருமில்லாத அந்த வெற்றுக் கட்டத்தில்கூட, நீல வரி பளிச்சென்று நின்றது.

தலைமை அலுவலகத்தில் கணினிகளைக் கவனிக்கும் இளைஞனுக்கு ஒயர் என்று பெயர். அவனைப் போனில் பிடித்தாள்.

"அது தானாவே சேர்ற வசதி மேடம். போன வாரம் புது மென்பொருள் போட்டோம்ல, அதுலேருந்து எல்லாருக்கும் ஆன்ல இருக்கு."

"எனக்கு வேண்டாம். காது டெஸ்டை வீடியோவில பண்ண முடியாதுப்பா. நேர்ல வந்து, சத்தமே புகாத ரூம்ல உக்காந்தாத்தான் டெஸ்ட்."

"லிங்க் இருந்துட்டுப் போகட்டுமே மேடம், அது பாட்டுக்கு. யாரும் வேண்டாம்னு சொன்னதே இல்ல."

"நான் சொல்றேன். எப்படி நிறுத்தறது, அதை மட்டும் சொல்லு."

அவன் சொன்னான். அமைப்புகளுக்குள் போய், நிகழ்வுகள் என்ற பகுதியைத் திறந்து, ஒரு சின்னக் கட்டத்திலிருந்த குறியை எடுக்க வேண்டும். எடுத்தாள். "இனிமே நீங்க போடற பதிவுல வராது மேடம். ஆனா ஏற்கெனவே போட்டதுல இருக்கறதை ஒண்ணொண்ணா நீங்கதான் நீக்கணும். அப்புறம் இது அவங்கவங்க கணக்குக்குத் தனித்தனி. வேற யாராவது பதிவு போட்டா மறுபடி வரும்."

"மத்தவங்க யாரும் இனிமே போட மாட்டாங்க" என்று சொல்லி வைத்தாள். பிறகு வெளியே போய், "இனிமே பதிவெல்லாம் நானே போட்டுக்கறேன்" என்று பட்டாசிடம் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை, ஓட்டுநரை மருமகள் கையோடு கூட்டி வந்தாள். லிஃப்ட் கதவு திறந்தது தெரியவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், காலடிச் சத்தம் வரக்கூடாது என்பது போல.

ஒலிபுகா அறை என்பது ஓர் ஆள் உட்காரும் பெட்டிதான். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுத் துணி, பழைய கம்பளியின் மக்கல் வாடை, பரிசோதகரைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். கனத்த கதவை மூடிவிட்டால் உள்ளே இருப்பவருக்குத் தன் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். எச்சில் விழுங்கினால், பக்கத்தில் யாரோ தண்ணீர் குடிப்பது போலிருக்கும். அவருக்கு ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் அமுக்க வேண்டிய பட்டனைக் கையில் கொடுத்து, வெளியே வந்து கருவியின் முன் உட்கார்ந்தாள். அவள் எதையும் தொடவில்லை. அதற்குள் கருவியில், உள்ளே பட்டனை அமுக்கினால் மட்டும் எரியும் பச்சை விளக்கு எரிந்தது.

அணைந்தது. மறுபடி எரிந்தது.

"ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கல" என்றாள் மைக்கில்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் சுளித்தார். "கத்தாதம்மா" என்றார், காற்றுப் போன்ற குரலில். "அவங்க சொல்றது காதுல விழ மாட்டேங்குது."

"எவங்க?"

அவளை ஏற இறங்கப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போல. "நீதாம்மா."

கருவியில் இருந்த உச்சபட்ச ஒலியை அவள் வைத்தாள். அவர் கண்கூட இமைக்கவில்லை. அது நின்ற பிறகு, அந்த அமைதியில், பச்சை விளக்கு நிதானமாக எரிந்து எரிந்து அணைந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. அடுத்து வரவேண்டியவள் ஒரு தையல்காரி. பழைய பதிவு, நீல வரி இன்னும் இருந்தது. அதை அழுத்தினாள். திரையில் ஓர் அறிவிப்பு: அழைப்பில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவர் என்று காட்டியது அவளுடைய பெயரைத்தான்.

சேர்ந்தாள். திரை இருட்டாக இருந்தது. வெறும் இருட்டு இல்லை, ஒரு மூடிய அறையின் இருட்டு. அதற்கு ஓர் அமைதி இருந்தது, அந்த அமைதியை அவள் தூக்கத்திலும் அடையாளம் காண்பாள். பஞ்சுத் துணியின் அமைதி. அதற்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க அது?" என்றாள். "இவங்க என் பேஷன்ட். உங்களுக்கு இங்க என்ன வேலை?"

பதில் வந்தது. அவளுடைய குரலில், அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரிடமும் சொல்கிற அதே கனிவோடு: "வசதியா உக்காருங்க. பயப்படாதீங்க. கேட்டா அமுக்குங்க, அவ்வளவுதான்."

அவள் கணினியை மூடவில்லை. அந்த இணைப்பை நீக்கினாள். அடுத்ததை நீக்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, மாலைவரை, ஒவ்வொரு பதிவாகத் திறந்து நீல வரியைத் துடைத்தாள். எத்தனை முறை அழிக்கணுமோ அழிக்கறேன், யாருக்குப் பொறுமை அதிகம்னு பாத்துடலாம் என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு ஒவ்வொரு நோயாளி வீட்டுக்கும் தானே போன் செய்தாள். "நேர்ல மட்டும் வாங்க. லிங்க் வந்தாத் தொடாதீங்க. ஸ்க்ரீன்ல நானே வந்து கூப்பிட்டாலும் நம்பாதீங்க." தையல்காரி, "என்ன மேடம், உங்களுக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நாட்காட்டியில் அவள் எழுதாத பதிவு ஒன்றே ஒன்றுதான். மகளுடையது.

மகளுக்கு ஒன்பது வயது. இடது காதில் பிறவியிலேயே நரம்பு இல்லை. அந்தப் பக்கம் உலகமே கிடையாது. வலது காது ஒன்றுதான் அவளுக்கு எல்லாம், அதுவும் போய்விடக்கூடாதே என்று வருஷம் தவறாமல் அம்மாவே பரிசோதிப்பாள். இந்த முறை அதை எங்கேயும் பதியவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பட்டாசு மட்டும் வழக்கம்போல, "குட்டி எப்ப மேடம் வரா?" என்று கேட்டாள். செவ்வாய் சாயங்காலம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய் சாயங்காலம் கணவர் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார். சன்னலில் வெயில் இன்னும் இருந்தது. மகள் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள். அம்மா வலது காதை முதலில் பார்த்தாள். அருமையாக இருந்தது. போன வருஷத்தைவிட ஒரு மாத்துக்கூடக் குறையவில்லை. அவளுக்குத் தோள்கள் தளர்ந்தன. நான் ஜெயிச்சுட்டேன் என்று நினைத்தாள்.

இடது காதையும் பார்க்க வேண்டும். சம்பிரதாயம்தான், ஆனால் விதி. குமிழை இடது பக்கம் திருப்பினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

"குட்டி, இன்னும் சத்தம் விடலடா. சும்மா சும்மா அமுக்காதே."

"சும்மா இல்லம்மா. கேக்குது."

"எந்தப் பக்கம்?"

மகள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அம்மா பார்த்ததில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெற்றவளின் நெஞ்சும் சந்தோஷப்பட்டது.

"மத்தியானம் நீ வீடியோவில வந்தப்ப லேசாத்தாம்மா கேட்டுச்சு. இப்ப நல்லாக் கேக்குது."

அவள் திரும்பினாள். கைப்பையை மாட்டிக்கொண்டு பட்டாசு வாசலில் நின்றிருந்தாள்.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நான்தான் மேடம் காலைல கேலண்டர்ல போட்டு, வீட்டுக்கும் அனுப்பி வெச்சேன். ஏன் மேடம்? ஏன் அப்படிப் பாக்கறீங்க?"

கருவியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். விளக்குகள் செத்தன. கனத்த கதவைத் திறந்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றி வீசினாள்.

மகள் தலையை இடது பக்கம் சாய்த்தபடி இருந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குட்டி."

"ஸ்ஸ்."

"குட்டி, அம்மாவைப் பாரு."

"சத்தம் போடாதேம்மா. நீ சொல்றது கேக்கல."

அவள் அந்தப் பெட்டிக்குள் நுழைந்தாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். குனிந்து, நரம்பில்லாத அந்தக் காதருகே சொன்னாள். "இவ என் பொண்ணு. நான்தான் அவ அம்மா. வெளிய போ."

உள்ளங்கையால் இடது காதை மூடினாள். அழுத்தினாள்.

கைக்கு அடியில் அதிர்ந்தது. மெல்ல. விடாமல். ஒரு தொண்டையின் மேல் கை வைத்தது போல. வார்த்தைகள் தெரியவில்லை, குரல் தெரிந்தது. அவளுடைய குரல். கனிவாக.

மகளின் வலது காதில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். வாய்க்கு வந்ததையெல்லாம். வண்டியில் பார்த்தது, தெருவில் கேட்டது, மகள் பிறந்த கதை, கண்டபடி ஜோக்குகள், திட்டு, தாலாட்டு. நிறுத்தினால்தானே அது முந்தும். நிறுத்தவில்லை. கணவர் வந்து கூப்பிட்டார், கெஞ்சினார், தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.

மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர் வந்தபோது மூவரும் அங்கேயே இருந்தார்கள். அவள் குரல் முழுக்கக் கம்மிப்போய் வெறும் காற்றாகியிருந்தது. உதடுகள் மட்டும் மகளின் வலது காதில் அசைந்துகொண்டிருந்தன. இடது காதின் மேலிருந்த கையை அவள் எடுக்கவில்லை. அதற்கு அடியில் பேசிக்கொண்டிருந்த குரல் கம்மவில்லை.