ஊமைமலைக்கு மேலே ஒரு வளையம்

முதல் அடியை எடுத்து வைத்தவன் இசக்கிராசு. வைத்த வேகத்தில் வழுக்கி விழுந்தவனும் அவன்தான்.

"இன்னும் மலையே ஆரம்பிக்கல தம்பி" என்றார் வனக்காப்பாளர் பேச்சியம்மாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஊமைமலையின் மேற்கு அடிவாரம் அது. பேச்சியம்மாள் தோளில் கயிற்றுச் சுருளோடு முன்னால் போனார். இயற்பியல் முதுகலை மாணவனான இசக்கி, முதுகில் லேப்டாப் பையோடு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். கடைசியாக வந்தவள் அவனுடைய ஆய்வகத் தோழி ரிஸ்வானா. ஒரு கையில் தண்ணீர், மறு கையில் முதலுதவிப் பை, முகத்தில் இசக்கியைப் பற்றிய தன் கருத்து.

மலையின் அந்தப் பக்கம், கிழக்குச் சரிவில், ஒரு பெருங்கூட்டமே செல்வினைத் தேடிக்கொண்டிருந்தது. அவன் பைக் அங்கே நின்றதுதான் காரணம். முந்தாநாள் காலையில் விடுதியை விட்டுக் கிளம்பியவன் திரும்பவில்லை. செல்போன் செத்துக் கிடந்தது. தீயணைப்புப் படை வந்துவிட்டது, வனத்துறை வந்துவிட்டது. கல்லூரி நிர்வாகமும் தன் பங்குக்கு, மாணவர்கள் முன் அனுமதியின்றிக் காணாமல் போகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் கிடைக்காவிட்டால் நாளை முதல் அடிவாரத்து ஏரியில் தேடுவார்கள் என்று பேச்சு. ஏரியில் தேடுவது என்றால் என்ன என்பதைச் செல்வினின் அப்பாவுக்கு யாரும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவை இருந்ததாகவும் தெரியவில்லை. அவர் காலையிலிருந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்து, மகனின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

செல்வின் விலங்கியல் படிப்பவன், இசக்கியின் அறைத் தோழன். ஊமைமலையில் எங்கோ ஒரு குகையில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் குடியிருக்கின்றன, அதைத் தான்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை. மற்றவர்களுக்குப் புதையல் என்றால் தங்கம். இவனுக்கு வௌவால் எச்சம். போன வாரம் இசக்கியிடம் வந்து, உங்கள் கட்டட மொட்டை மாடியில் ஒரு வெள்ளைப் பந்துக்குள் ஏதோ சுற்றுகிறதே, அதில் வௌவால் தெரியுமா என்று கேட்டான்.

அந்தப் பந்துக்குள் இருப்பது வானிலை ராடார். அலையை அனுப்பும், அது எதன்மேல் பட்டுத் திரும்பினாலும் குறித்துக்கொள்ளும். மழை, பருந்து, வெட்டுக்கிளி, மலை, செல்போன் கோபுரம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஆனால் ஆய்வகப் பேராசிரியருக்கு மழை மட்டும்தான் பிடிக்கும். படம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். அதனால் பழைய மாணவர்கள் சேர்ந்து, மழை அல்லாத எல்லாவற்றையும் கூட்டித் தள்ளும் ஒரு புரோகிராம் எழுதி, அதற்குத் 'தொடப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்து ஃபைலைத் திறக்க வேண்டும், தொடப்பத்தை ஓட்ட வேண்டும், பிறகுதான் படம் வரைய வேண்டும். தினமும் அதை அடிக்கக் கை வலித்ததால், யார் ஃபைலைத் திறந்தாலும் தொடப்பம் தானே ஓடுகிற மாதிரி சர்வரில் ஒரு வரி எழுதி வைத்தவன் இசக்கி. பேராசிரியர் பாராட்டினார். பாராட்டுக் கிடைத்த எதையும் அந்த ஆய்வகத்தில் யாரும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை. எழுதியவனே மறந்துவிட்டான்.

ஆகவே செல்வினுக்காக அவன் மாலை நேரத்து ஃபைல்களை எடுத்து, கமாண்டுகளைத் தட்டி, படம் வரைந்தபோது துடைத்துவைத்த சட்டி மாதிரி ஒரு படம் வந்தது.

"ஒண்ணுமில்ல மக்கா. வௌவாலும் இல்ல, கிவ்வாலும் இல்ல" என்று நிச்சயமாகச் சொன்னான். செல்வின் நம்பினான். அப்படியானால் காலால்தான் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனான்.

இன்று காலையில்தான் ரிஸ்வானா அந்தப் படத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏல, இதுல மலை எங்கல?"

இசக்கி திரையருகே குனிந்தான். இத்தனை பெரிய மலை ராடாருக்கு எதிரே நிற்கிறது, படத்தில் இல்லை. மலையையே கூட்டித் தள்ளிய தொடப்பம் வௌவாலையா விட்டுவைக்கும்? தான் எழுதிய வரியை அவன் தேடிப் பிடித்து அழித்தான். அதே ஃபைல்களையும், அதற்குப் பிறகு இன்றுவரை வந்தவற்றையும் ஓட்டினான். இந்தத் தடவை திரை முழுக்கக் குப்பை. குப்பைக்கு நடுவே, மலை முகட்டின் மேற்குப் பக்கம், ஒவ்வொரு நாளும் பொழுது மங்குகிற நேரத்தில், குளத்தில் கல் விழுந்தது போல ஒரு வளையம் பிறந்து விரிந்தது.

அதுமட்டும் இல்லை. முந்தாநாள் உச்சி வெயிலில், கிட்டத்தட்ட அதே இடத்தில், கிழிந்த துணி போல ஒரு திட்டு. யாராவது உள்ளே போய்த் தொந்தரவு செய்தால் ஒழிய வௌவால் பகலில் வெளியே வராது என்று செல்வின் அறையில் பாடமே நடத்தியிருக்கிறான். நேற்றுப் பகலில் திட்டு இல்லை. இன்றும் இல்லை. உள்ளே போனவன் வெளியே வந்துவிட்டான் என்று ஒரு அர்த்தம். இன்னொரு அர்த்தமும் உண்டு. அதை நினைத்தபடியே இருவரும் படத்தோடு மலைக்கு ஓடினார்கள்.

தேடுதலுக்குப் பொறுப்பான அதிகாரி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இது கொசுவா என்று விசாரித்தார். வௌவால் என்றதும் மரியாதை இன்னும் குறைந்தது. கடைசியில், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரே ஒரு ஆளைக் கொடுத்தார். அந்த ஆள்தான் பேச்சியம்மாள்.

வளையத்தின் நடுப்புள்ளியை மொபைல் மேப்பில் குறித்துக்கொண்டு ஏறினார்கள். முள் கிழித்தது. சரளைக்கல் காலை வாரியது. ஓர் இடத்தில் பேச்சியம்மாள் கையை உயர்த்தி நிறுத்தி, ஈர மண்ணில் பதிந்திருந்த கரடித் தடத்தைக் காட்டினார். பழைய தடம்தான் என்றார். எவ்வளவு பழையது என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. இசக்கிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிற்கச் சொல்லவில்லை. நின்றால் யோசிக்க வேண்டியிருக்கும்.

மேப்பில் குறித்த இடம் வந்தது. மொட்டைப் பாறை. பெரிய, வழவழப்பான, ஒரு எலி வளைகூட இல்லாத பாறை.

மூவரும் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். பெயர் சொல்லிக் கத்தினார்கள். மலை தன் பெயருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொண்டது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இறங்க வேண்டியதுதான் என்று பேச்சியம்மாள் மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவைத்தான் இசக்கியால் தாங்க முடியவில்லை. அவர் அதட்டியே சொல்லியிருக்கலாம்.

பாறைமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். பேட்டரி சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்லூரி சர்வரில் இருக்கிற ஃபைல்களை மறுபடி பார்க்க வேண்டும். ரிஸ்வானா பாறையின் உச்சியில் ஏறி, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நின்றால் மட்டும் சிக்னலில் ஒரு கோடு வந்தது. அந்த ஒரு கோட்டில் படம் எதுவும் இறங்காது. எழுத்து இறங்கும்.

"படம் வேண்டாம். எழுத்தாலயே வரையுதேன்" என்றான். "கையக் கீழ போட்டுராத."

"போடல. நீ பேசாம அடி."

எதிரொலி பலமாக இருக்கிற இடத்தில் நட்சத்திரக் குறி, மற்ற இடத்தில் புள்ளி என்று ஒரு சின்ன கமாண்ட் எழுதினான். இரண்டு தடவை தப்பாகி, மூன்றாவது தடவை ஓடியது. வரி வரியாகப் புள்ளிகள் இறங்கின. புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரங்களால் ஒரு கோணல் வளையம். ராடாரின் அடுத்த சுற்றின் ஃபைலை ஓட்டினான். வளையம் பெரிதாகியிருந்தது, கொஞ்சம் வலப்பக்கம், அதாவது கிழக்கே, தள்ளியும் இருந்தது. அதற்கு அடுத்ததில் இன்னும் வலப்பக்கம்.

தலையை நிமிர்த்தினான். மேலே நிற்கிற ரிஸ்வானாவின் துப்பட்டா, ஆணி அடித்தது போலக் கிழக்கே பறந்துகொண்டிருந்தது.

"காத்து" என்றான்.

ராடார் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. நடுவில் முகடு மறைக்கிறது. முகட்டுக்குமேல் எழும்பினால்தான் வௌவால் அதன் கண்ணில் படும். அதற்குள் காற்று அவற்றை இங்கே தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. அவர்கள் ஏறி வந்தது வளையம் தெரிந்த இடத்துக்கு. வௌவால் கிளம்பிய இடத்துக்கு இல்லை. வளையங்களின் நடுப்புள்ளிகளை ஒரே கோடாக்கி, கோட்டைப் பின்னோக்கி மேற்கே நீட்டச் சொல்லிக் கமாண்ட் கொடுத்தான். அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையுமாக இரண்டு எண்கள் வந்தன. அவற்றை ரிஸ்வானா போனில் ஏற்றி முடிப்பதற்கும் லேப்டாப் அணைவதற்கும் சரியாக இருந்தது.

மேப்பைப் பார்த்த பேச்சியம்மாளின் முகம் மாறியது. அந்த இடம் ஒரு வறண்ட ஓடை. இறக்கம் மோசம். போனால் வெளிச்சத்துக்குள் திரும்புவது சந்தேகம். இசக்கி அவரிடம் கெஞ்சவில்லை. தான் கொடுத்த படத்தை நம்பித்தான் செல்வின் தனியாகத் தேட வந்தான் என்பதை மட்டும் சொன்னான்.

பேச்சியம்மாள் கயிற்றைத் தோள் மாற்றிக்கொண்டார். "வேகமா வாங்க. உங்களயும் சேத்துத் தேடுத நெலமைக்கு என்னய ஆளாக்கிராதீங்க."

ஓடைக்குள் இறங்கும்போதே நாற்றம் மூக்கை அரித்தது. செல்வினின் புதையல். ஒரு சாய்ந்த பாறைக்கு அடியில், ஆள் உயரத்துக்கு ஒரு பிளவு. அதன் வாயில் புதிதாக முறிந்த ஒரு செடி. உள்ளே சில அடிகளிலேயே தரை செங்குத்தாகக் கீழே போயிற்று.

இசக்கி குனிந்து கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னொரு தடவை, முழுக் குரலில். இருட்டு அப்படியே பொங்கி முகத்தில் அடித்தது. ஆயிரம் இறக்கைகள். மூவரும் தலையைப் பொத்திக்கொண்டு படுத்தார்கள். வௌவால் கூட்டம் தலைக்குமேல் ஆற்றைப் போல ஓடி, ஓடையைத் தாண்டி, வெளிச்சத்துக்குள் கலைந்தது. பிறகு அமைதி. அந்த அமைதிக்குள், கீழே எங்கோ, கல்லின்மேல் கல்லைத் தட்டுகிற சத்தம்.

ரிஸ்வானா இசக்கியின் கையைப் பிடித்தாள். கையில் நகம் பதிந்ததை அவன் மறுநாள்தான் கவனித்தான்.

பேச்சியம்மாள் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இசக்கியை இறக்கினார். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு கால். திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பிறகு செல்வினின் முகம், உதடு வெடித்து, எச்சம் பூசி, கண் மட்டும் திறந்து. பாறையில் கசிகிற நீரை நக்கித்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தான். விழுந்த அன்றைக்குக் கத்தியதில் வௌவால் மொத்தமும் மேலே மோதியதால் அதற்குப் பிறகு கத்தவில்லையாம். குரலும் போய்விட்டதாம்.

இசக்கி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். காலுக்குக் கட்டைவைத்துக் கட்டினான். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"மக்கா, நான் குடுத்த படம் தப்பு. வௌவால் தெரிஞ்சிருக்கு. நான்தான் தொடச்சிப் போட்டுட்டேன். ஒண்ணுமில்லன்னு சரியாப் பாக்காமலே சொல்லிட்டேன்."

மேலே பேச்சியம்மாள் வயர்லெஸ்ஸில் ஆள் கிடைத்த செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பக்கம் நம்பவில்லை போலும்.

"உன்னய நல்லாத் திட்டணும்ல" என்றான் செல்வின், காற்றாகப் போன குரலில். "இப்பத் தெம்பில்ல. பொறவு வச்சிக்கிடுதேன்."

தீயணைப்பு வீரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் ஏறக்குறைய முடிந்திருந்தது. இறங்கும்போது இசக்கியும் ஒரு முனையைத் தூக்கினான். பலமுறை வழுக்கியது, ஒருமுறைகூட விடவில்லை. மேற்கு அடிவாரத்துக்குச் சுற்றி வந்து காத்திருந்த கூட்டத்திலிருந்து செல்வினின் அப்பா ஹெல்மெட்டோடு ஓடி வந்தார். மகனின் முகத்தைத் தொட்டார், பிறகு தொட்ட கையை முகர்ந்து பார்த்துவிட்டு, அந்த நாற்றத்தோடேயே அதை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. இசக்கிக்கு அதைக் கேட்க வெட்கமாக இருந்ததால் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போய் நின்றான்.

மறுவாரம் ஆய்வகத்தில், படத்தில் குப்பை அதிகமாக இருக்கிறதே என்று பேராசிரியர் வருத்தப்பட்டார். எதையெல்லாம் எடுத்தோம் என்று படத்துக்குப் பக்கத்தில் எழுதிவைத்த பிறகு எடுத்துத் தருவதாக இசக்கி பணிவாகச் சொன்னான்.

அன்று மாலை மருத்துவமனைக்குப் போனான். செல்வின் காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தான். குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. இசக்கியைக் கண்டதும் தலையணையைச் சரிசெய்துகொண்டு, பெயரில் தொடங்கி, ஊரைத் தொட்டு, இயற்பியல் துறை மொத்தத்தையும் இழுத்து, மூச்சு விடாமல் திட்டத் தொடங்கினான். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். நர்ஸ் வந்து, சத்தம் போடக் கூடாது என்று கண்டித்தார்.

"திட்டட்டும் சிஸ்டர்" என்றான் இசக்கி, ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு.