நெற்றியில் வைத்த கை

ஏகாம்பரம் மனைவியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். நேற்றைவிடச் சூடாக இருந்தது.

சில்லிட்ட உடம்புகளைக் கிடத்தி வைக்கும் பாறையறைக்கு வேதவல்லி வந்து ஒன்பது நாளாகிறது. சந்திரனின் தரைக்கு அடியில் பனிக்கட்டி வெட்டும் அந்தக் குடியிருப்பில் ஒரு சுரங்கம் சரிந்து, காற்றில்லாத பொந்தில் இரண்டு நாள் கிடந்தாள். மீட்டபோது நாடி இல்லை. ஆனாலும் யாரும் அழவில்லை. அங்கே சில்லிட்ட உடம்பைப் பார்த்து அழுவது அவசரக்குடுக்கைத்தனம்.

காரணம், எல்லோர் காதுக்குப் பின்னாலும் இருந்த தணிப்பான். மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். பிராணவாயு குறைந்தால் எலி தன் உடம்புச் சூட்டைத் தானே இறக்கிக்கொள்ளும். பிறந்த குழந்தையும் அப்படித்தான். சூடு குறைந்தால் தேவைப்படும் காற்றும் குறையும். பெரியவர்களின் மூளையில் அரைகுறையாகக் கிடந்த அந்தப் பழக்கத்தைத் தணிப்பான் முழுசாக்கிவிட்டது. நடுக்கம் கிடையாது, குளிர் இதமாகவே இருக்கும். முப்பத்தேழு டிகிரியில் இருந்தவர்கள் முப்பதில் சிரித்துப் பேசி வேலை பார்த்தார்கள்.

அதனால் சாவுக்கு அங்கே ஒரு விதி இருந்தது. உடம்பை முப்பத்தேழுக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் எழவில்லையென்றால்தான் சாவு. ஒருவரை ஏற்ற ஒரு தொட்டிக் காற்று தேவை. கையிருப்பில் இருந்ததே ஒரு தொட்டிதான்; அதைச் செலவழிக்கத் தயங்கியே ஒன்பது நாள் போயிருந்தது.

"சூடு வருது டாக்டரம்மா. வந்து தொட்டுப் பாருங்க," என்று வாசலில் நின்று கூப்பிட்டான் ஏகாம்பரம்.

மருத்துவர் நூர்ஜஹான் வருவதற்குள் குடியிருப்பே வந்துவிட்டது. பக்கத்து அறைத் தவமணி முதலில் தொட்டாள். "ஆமா தம்பி, கதகதன்னு இருக்கு. மொத நாளு கல்லு மாதிரி இருந்தா." வரிசையாக அறுபது பேர் தொட்டார்கள். அறுபது பேரும் அதையே சொன்னார்கள். தொட்டியை வேதவல்லிக்குக் கொடுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவானது.

நூர்ஜஹான் மட்டும் பெட்டியைத் துழாவி ஒரு பழைய வெப்பமானியை எடுத்தாள். வேதவல்லியின் உடம்பில் வைத்தாள். பதினெட்டு. பாறையின் சூடும் அதுதான்; வசிக்கும் அறைகள் அதைவிடக் குளிர். முதல் நாள் அவள் குறித்துவைத்ததும் அதுவேதான்.

அவள் வெப்பமானியைத் துடைத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு தவமணிக்கு. பிறகு ஏகாம்பரத்துக்கு.

"பதினேழு," என்றாள். "அவங்க ஏறலை. நாமதான் எறங்கிட்டோம்."

எங்கோ காற்றுக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. கசியக் கசியத் தணிப்பான் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே வந்திருக்கிறது. முன்பெல்லாம் காற்று குறைந்தால் அலறுவதற்கு மணிகள் இருந்தன. தணிப்பான் வந்த வருடமே, சும்மா தொந்தரவு என்று அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். இத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்குக்கூட அது உறுத்தவில்லை.

"இப்ப நாம பயப்படணும்ல?" என்றாள் தவமணி. "எனக்கு வர மாட்டேங்குதே."

யாருக்கும் வரவில்லை. கசிவைத் தேடிக் குழாய்ச் சுரங்கத்தில் மணிக்கணக்காக ஊர்ந்து போக வேண்டும். பதினேழு டிகிரி உடம்பு பாதி வழியில் உட்கார்ந்து, சுகமாக இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிடும். சூடான ஓர் ஆள் வேண்டும். அதுவும் குழாய் வேலை தெரிந்த ஆள். எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள்.

"தொட்டி இவளுக்குன்னு சொன்னீங்க."

"அவங்க எந்திரிச்சாலும் பார்க்கிறதுக்கு நாம யாரும் இருக்க மாட்டோம், ஏகாம்பரம்," என்றாள் நூர்ஜஹான்.

அவன் மனைவியின் நெற்றியில் இன்னொரு முறை புறங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு சூடேற்றும் படுக்கையில் தானே ஏறிப் படுத்தான்.

முப்பத்துநாலு டிகிரியில் பயம் வந்தது. பல் கிடுகிடுத்தது. செத்துப்போவோம் என்று வாய்விட்டுக் கத்தினான். அந்தப் பயம்தான் அவனைக் குழாய்ச் சுரங்கத்துக்குள் தள்ளியது, ஒவ்வொரு மூட்டாகத் தடவ வைத்தது, கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை கண்மூட விடவில்லை.

வெளியே வந்தவன் நேரே பாறையறைக்கு ஓடினான். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. சூடான மூக்குக்கு அழுகல் வாடை தெரியும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் நெற்றியைத் தொட்டான். கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. இனி யாரும் அவளை ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் குடியிருப்பில் முதன்முறையாக ஒருவன் வாய்விட்டு அழுதான்.

தவமணி வந்து அவன் தோளைத் தொட்டாள். அவள் கை பாறையைவிடக் குளிர்ந்திருந்தது. இன்னொரு கையை வேதவல்லியின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"எதுக்கு தம்பி அழுவுற? இப்பவும் கதகதன்னுதான இருக்கா."

அவளுக்கு அந்த வாடை தெரியவில்லை. ஒரு வாரத்தில் காற்று நிறையும்; எல்லோரும் முப்பதுக்கு ஏறுவார்கள்; அப்போது தெரியும். அதுவரை இவர்களுக்கெல்லாம் வேதவல்லி உயிரோடு இருப்பாள், தனக்கு மட்டும் இல்லை என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"டாக்டரம்மா, என்னை மறுபடியும் எறக்கிடுங்க."

"என்னால முடியாது, ஏகாம்பரம். காத்து குறைஞ்சுக்கிட்டே போனாத்தான் தணிப்பான் எறக்கும். கசிவைத்தான் நீங்களே அடைச்சிட்டீங்களே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாய்ச் சுரங்கத்தின் பக்கம் பார்த்தான். அடைத்த இடம் எது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.