உடைந்த பாலத்தில் எடுத்த ஷாட்

தி.நகரின் அந்தப் பழைய பிரிவியூ தியேட்டருக்கு மத்தியானச் சாப்பாடு முடித்த கையோடு வந்து சேர்ந்தார் டைரக்டர் சுப்பராமன். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பகலா இரவா என்றே தெரியாது. பழைய படங்களைச் சுத்தம் பண்ணித் தருகிற கயல் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தாள்.

எண்பதில் அவர் எடுத்த படம். குடிசையை இடிக்க வந்தவர்களை எதிர்த்து ஆற்றங்கரைப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிற கதை. அப்போது சீந்த ஆளில்லை. இப்போது ஏதோ வெளிநாட்டு விழாவில் சுப்பராமனை ஏழைகளின் தோழன் என்று கொண்டாடப் போகிறார்களாம். கயலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்தான் அந்த ஷாட்டைப் பார்த்துவிட்டாளே!

அடையாற்று உடைந்த பாலம். ஹீரோவுக்கு டூப் போட்ட புகழேந்தி வண்டியில் சீறி வருகிறான். வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி ஆட்கள் பிடித்திருப்பார்கள். டூப் கையைத் தூக்கினால் இழுத்து நிறுத்த வேண்டும். புகழேந்தி கையைத் தூக்குகிறான்.

யாரும் இழுக்கவில்லை.

"நான்தான் இழுக்காதேன்னேன். ஷாட் அவ்வளவு நன்னா வந்துண்டிருந்தது," என்றார் சுப்பராமன், காபி நன்றாக இருந்தது என்பதுபோல. "குடிச்சுட்டு ஓட்டிச் செத்தான்னு போலீஸ்ல சொல்லியாச்சு. விழாவுல எவனாவது கேப்பான். கையை அழிச்சுடு. மூஞ்சில ஹீரோ மூஞ்சியப் போட்டுடு."

"சார், அந்த ஆளுக்குன்னு மிச்சம் இருக்கறதே அந்த மூஞ்சிதான்."

"சொன்னதைச் செய்ம்மா."

 கயல் கையை அழித்தாள், முகத்தை மாற்றினாள். விளக்கை அணைத்துவிட்டு, பெரிய திரையில் ஓடவிட்டாள்.

முதலில் பெட்ரோல் நாற்றம். பிறகு ஆற்றுச் சேற்றின் வாடை, மூக்கை அடைத்துக்கொண்டு.

ஒலியே சேர்க்காத ஷாட்டில் என்ஜின் உறுமியது.

வண்டி கிட்டே வந்தது. ஓட்டுகிறவன் முகத்தைத் திருப்பினான்.

ஹீரோ இல்லை.

சுப்பராமன். அதே வழுக்கை, அதே ஜிப்பா. கையைத் தூக்கிக்கொண்டு அலறுகிறார்.

யாரும் இழுக்கவில்லை.

வண்டி பாலத்தின் விளிம்பைத் தாண்டியது.

கயல் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. கதவு சாத்தியபடியே இருந்தது.

திரையில் தண்ணீர் கலங்கியது. ஒருவன் கரையேறினான். சட்டையைப் பிழிந்தபடி காமிராவை நோக்கி வந்தான், முகம் திரையை நிறைக்கும்வரை. புகழேந்தி.

திரை இருண்டது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

"இன்னொரு தபா போடு தங்கச்சி," என்றது ஒரு குரல், காதோரம். "அவுரு கைய தூக்குற எடம் சோக்கா கீது."