மழையில் கரைந்த கறுப்புக் குச்சி

சர்வேயர் உட்காரச் சொல்லியும் அந்த ஆலைக்கார அம்மாள் உட்காரவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்பாக, கொழகொழவென்று ஒரு சேறு இருந்தது.

"போன வாரம் வரைக்கும் இது குச்சியா இருந்துச்சு. மழையில கிடந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நான் வாக்குக் கொடுத்து வித்த குச்சி," என்றார்.

சர்வேயர் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகச் சேதம் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரை விட்டபாடில்லை. அவர் தங்கையின் கணவருக்குச் சொந்தத் தொழில் பழைய கார் வாங்கி விற்பது. ஆனால் மச்சான் வீட்டுக்கு யாராவது முகம் வாடி வந்தால் போதும், கார்களெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். ஊரே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. அன்றும் அழையாமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அம்மாள் விஷயத்தைச் சொன்னார். அவருடைய ஆலையில் மரத்தூளைக் காற்றுப் புகாத உருளையில் போட்டு, தீப்பிடிக்க விடாமல் சூட்டிலேயே வறுக்கிறார்கள். பிறகு அதை அழுத்திச் சுண்டுவிரல் பருமனில் குச்சியாக்கி, கொதிகலன்களுக்கு எரிபொருளாக விற்கிறார்கள். வறுக்காத வெள்ளைக் குச்சி ஒரு தூறலுக்கே ஊதி உதிர்ந்துவிடும். நன்றாக வறுத்த மரம் தண்ணீரை உள்ளே விடாது. அதை நம்பித்தான் பால் பண்ணைக்காரர்கள் முதல் முறையாக வாங்கி, கொதிகலன் முற்றத்தில் திறந்த வெளியில் குவித்தார்கள். மழை பெய்தது. குவியல் கூழாகிவிட்டது.

அரைகுறையாக வறுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றார் பண்ணை மேலாளர். வறுக்க வறுக்க மரத்தின் எடை குறையும். சூட்டைக் குறைத்தால் எடை மிஞ்சும், எடைக்குத்தானே காசு. ஆகவே ஏமாற்ற நினைப்பவனுக்கு வழி இருக்கத்தான் செய்தது. ஆனால் உருளையைக் கவனிப்பது அம்மாளின் கூடப்பிறந்த தம்பி.

"என் வீட்டுக்காரர் அவனை அனுப்பிடுன்னு சொல்றாரு. காலையில நானே பையைக் கட்டுடான்னு சொல்லிட்டேன். அவன் மறுபேச்சு பேசாம கட்டிட்டான்." அம்மாள் டப்பாவின் மூடியை அழுத்தினார். "சாயந்திரத்துக்குள்ள எனக்கு உண்மை தெரியணும் சார். தப்பு பண்ணியிருந்தா போகட்டும். பண்ணாதவனை விரட்டினா நான் என்ன அக்கா?"

பால் பண்ணை முற்றத்தில் மழை விட்டிருந்தது. மாப்பிள்ளை குவியலைப் பார்த்ததுமே வழக்கை முடித்துவிட்டார். பண்ணைக்காரர்களே மலிவான வெள்ளைக் குச்சிக்குக் கரிச்சாயம் பூசிக் கலந்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கக் குவியல்மேல் ஏறியவர் வழுக்கி, இரண்டு முழங்காலும் சேற்றில் பதிய விழுந்தார். சர்வேயர் கைகொடுத்துத் தூக்கிவிட்டாரே தவிர, பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. குவியலின் அடியிலிருந்து சுவர்வரை எறும்புகள் சாரை விட்டிருந்தன. ஓரத்தில் நாலைந்து குருவிகள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

"கரியைத் திங்கிற குருவியை நீங்க பாத்திருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றார் சர்வேயர். மாப்பிள்ளை அப்போது தன் பேன்ட்டைப் பற்றிய கவலையில் இருந்தார்.

அங்கிருந்து ஆலைக்குப் போனார்கள். வறுக்கும் கொட்டகையில் கருகலும் இனிப்பும் கலந்த வாசனை அடித்தது. தம்பி முப்பதை ஒட்டிய ஒல்லி ஆள். கட்டிய பை காலருகே இருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். சூட்டைக் குறைத்தாயா என்று சர்வேயர் கேட்டதற்கு ஜன்னலைக் காட்டினான். அங்கே ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் காப்பி நிறத்தில் ஒரு மரத்துண்டு மிதந்தது. பண்ணைக்குப் போன சரக்கோடு சேர்த்து வறுத்ததாம். மழைக்கு முன்பே போட்டுவைத்தானாம்.

சர்வேயர் துண்டை எடுத்து ஒடித்தார். மேல்தோல்தான் ஈரம், நடுவில் உலர்ந்திருந்தது. ஒடிந்த முகத்தில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தார். சொட்டு உள்ளே இறங்கவில்லை. உருண்டையாக நின்று, கையைச் சாய்த்ததும் ஓடி விழுந்தது. மாப்பிள்ளை குனிந்து உற்றுப் பார்த்தார். தண்ணீரைக் குடித்தே வளர்ந்த மரம், ஒருமுறை சூடு பட்டதும் தண்ணீரே வேண்டாம் என்று சொல்கிறதே! மரத்தை இத்தனை நாளும் ஒரு பொருட்டாகவே நினைக்காததற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. தானும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். அதுவும் நின்றது.

அடுத்த கொட்டகையில் அழுத்தும் இயந்திரம். சுவர், விளக்கு, ஆள் எல்லாமே கறுப்புப் பொடி. அதை ஓட்டும் பிரஸ்காரர் மூலையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர், மரியாதையாக எழுந்து நின்றார். ஆலை தொடங்கிய நாள்முதல் இருப்பவர், தம்பிக்குத் தொழில் பழக்கியவரும் அவரே. அவர் திரும்பியபோது மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார். அத்தனை கறுப்பிலும் மனிதருடைய பேன்ட்டின் பின்பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மச்சானின் காதில் அதைச் சொல்லியும் வைத்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. எல்லாரையும் பண்ணைக்கு வரச் சொன்னார்.

மாலையில் கொதிகலன் அறையில் அம்மாள், தம்பி, பிரஸ்காரர், மேலாளர் நால்வரும் கூடினார்கள். தம்பி தன் பையை முற்றத்துக் கேட்டருகே வைத்துவிட்டு வந்திருந்தான். அங்கிருந்தே பஸ் ஏறுவதாக எண்ணம்.

"மாப்பிள்ளை, முட்டியை மடக்குங்க பாப்போம்," என்றார் சர்வேயர்.

மடக்க முடிந்தால்தானே. காய்ந்த சேறு பட்ட இடம் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டதுபோல விறைத்து நின்றது.

"வெறும் மரத்தூள் காஞ்சா உதிர்ந்து போகும். துணியை இப்படி விறைக்க வைக்காது. குருவியும் எறும்பும் மரத்தைத் தின்ன வரலை. அப்ப சேத்துல மரம் இல்லாத வேற ஏதோ இருக்கு."

அவர் சேற்றில் ஒரு பிடியை எடுத்து, கைக்குட்டையில் கட்டி, டம்ளர் தண்ணீரில் அலசினார். வடிந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. இன்னொரு டம்ளரில், ஆலையிலிருந்து எடுத்துவந்த தம்பி வறுத்த தூளை அதேபோல் அலசினார். பிறகு முதலுதவிப் பெட்டியிலிருந்து டிங்சர் அயோடின் குப்பியை எடுத்தார். இரண்டாம் டம்ளரில் ஒரு சொட்டு விட்டதும் தண்ணீர் தேன் நிறமாயிற்று, அவ்வளவுதான். முதல் டம்ளரில் விட்டதும் செந்நிறச் சொட்டு கீழே இறங்க இறங்க நீலமாகி, டம்ளர் முழுவதும் நடுக்கடல் நீலமாகிவிட்டது. தன் முட்டியில் ஒட்டியிருந்தது இதுதானா என்று மாப்பிள்ளை வாய்பிளந்து நின்றார்.

"மாவு," என்றார் சர்வேயர். "கிழங்கு மாவு. அதைத் தொட்டா டிங்சர் இப்படி நீலமாகும்."

கைக்குட்டையைப் பிரித்து மேலாளரிடம் நீட்டினார். உள்ளே கறுப்பு மணிகள் உதிரி உதிரியாக இருந்தன. ஒன்றுகூட ஊதவில்லை.

"மரம் நனையலைங்க. அதை ஒட்டிவச்ச பசைதான் கரைஞ்சுது. இந்தத் தம்பி அரைகுறையா வறுத்திருந்தா மரமே ஊதியிருக்கும். இவர் குறை வைக்கலை. சொல்லப்போனா, நல்லா வறுத்ததுதான் வினையா போச்சு. நல்லா வறுத்த தூளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. யாரோ ஒருத்தருக்கு அதை ஒட்டவைக்க வேண்டியிருந்துச்சு." அவர் யாரையும் பார்க்கவில்லை. "கறுப்புக் கொட்டகையில வெள்ளை மூட்டைமேல உக்காந்தா, எழுந்திரிக்கும்போது தெரிஞ்சிரும்."

பிரஸ்காரர் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்தார்.

"நான்தாம்மா போட்டேன். வெள்ளைக் குச்சி காலத்துல மெஷின் முனகினா ஒரு வாளி மாவு போடுவோம், சரியா போயிரும். இந்தத் தூளு மணல் மாதிரி ஓடிச்சு. பொடியா விழுந்தா தம்பி பேரு கெட்டுப்போகுமேன்னு ரெண்டு வாளியா போட்டேன். குச்சி பளபளன்னு வந்துச்சு. மழையை நான் நினைக்கவே இல்லை."

தம்பியைக் காப்பாற்றப் போட்ட மாவுதான் தம்பியை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்தது. தம்பி பிரஸ்காரர் பக்கம் திரும்பினான். கோபிப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். மாவில்லாமல், நீராவி விட்டு, அச்சை இன்னும் சூடாக்கி அழுத்திப் பார்க்கலாம், சேர்ந்தே செய்வோம்ணே என்றான் அவன். அந்தச் சரக்கைத் தன் கண்முன்னே நனைத்துக் காட்டினால் வாங்கிக்கொள்வதாக மேலாளர் சொன்னார்.

அம்மாள் மேலாளரிடமிருந்து கைக்குட்டையை வாங்கினார். கைக்குட்டையிலிருந்த கறுப்பு மணிகளை விரலால் தடவியபடியே நின்றார். அந்தச் சமயம் பார்த்து மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எல்லாரும் கதவை விட்டு உள்ளே ஒதுங்க, அம்மாள் மட்டும் சட்டென்று முற்றத்தில் இறங்கி ஓடினார். திரும்பி வரும்போது தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்திருந்தார். மார்போடு தம்பியின் பையை அணைத்திருந்தார்.

"விடுக்கா, நனைஞ்சா நனையட்டும்," என்றான் தம்பி. அந்த நாளில் அவன் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நனையும்டா," என்றார் அம்மாள், பையை அவனிடம் கொடுக்காமல். "உள்ள இருக்கிறது வெறும் துணிதானே. எல்லாமே நீ வறுத்ததா என்ன, நனையாம இருக்க?"