மழைக்கோட்டுப் போட்ட மட்டை

"அருந்ததி அக்கா நிக்கிறாவோ?"

வாசல் படலையில் நின்று பார்த்தீபன் கேட்டபோதே ஜெயதீபனுக்கு உள்ளே சுருக்கென்றது. கரவெட்டியில் எவரும் அவனைத் தேடி வருவதில்லை. காப்புறுதி நிறுவனத்தில் விபத்துகளை விசாரிக்கும் அவன் மனைவி அருந்ததியைத்தான் தேடி வந்தார்கள்.

பார்த்தீபன் ஊர்க் கிரிக்கெட் அணித் தலைவன். புதிதாகக் கட்டிய மனைவி ஜெசிதாவும் கூட வந்திருந்தாள். சுற்றியிருந்த துவாய்த் துண்டைப் பிரித்துத் தன் மட்டையை மேசையில் வைத்தான். அதன் அடிப்பகுதி ஊறி வீங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது.

"நாளைக்கு இறுதியாட்டம், அக்கா. உது கோகுலன்ரை வேலை. நேற்று விளையாடிப் பாக்கக் கேட்டு வாங்கினவன், பின்னேரம் வீட்டை கொண்டந்து தந்தான். விடிய எடுத்துப் பாத்தால் இப்பிடி. ஆறு மணிக்குக் கூட்டம். அவனை அணியாலை நிப்பாட்டப் போறன். பள்ளிக்கூடத்திலையிருந்து ஒண்டாத் திரிஞ்சவன்."

"எரிச்சல்!" ஜெயதீபன் மேசையில் தட்டினான். "நல்ல மட்டையைக் கண்டால் எரியாதே? வழக்கு முடிஞ்சுது."

"கொஞ்சம் பொறுங்கோ, துப்பறியும் ஐயா," என்ற அருந்ததி, மட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். "தம்பி, இதுக்கு என்ன எண்ணெய் பூசுறனீர்?"

"ஆளிவிதை எண்ணெய் மட்டுந்தான். ஈரம் பட்டால் எண்ணெயே பூசமாட்டன், நிழலிலை காயவிடுவன். மழை வந்தால் என்ரை மழைக்கோட்டைக் கழட்டி இதுக்குச் சுத்திப்போடுவன்."

"மோட்டார் சைக்கிளிலை பின்னாலை ஜெசிதா இருந்தால்?"

"அவ நனைஞ்சால் துடைக்கலாம்தானே, அக்கா. மரம் தண்ணியைக் குடிச்சால் போச்சு."

ஜெசிதா தன் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கோகுலன் செய்ததில்லை," என்றாள் அருந்ததி. "மணந்து பாரும். வேப்பெண்ணெய். ஊறின மட்டைக்கு எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளுக்கை நிண்டுடும் எண்டு விளையாடுற எவனுக்கும் தெரியும். வஞ்சத்துக்குக் கெடுக்கிறவன் பிறகு மருந்தும் போடமாட்டான். இது மட்டையைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆள். வீக்கத்தைக் கண்டு பயந்து, சுளுக்குக்குத் தடவிறமாதிரித் தடவியிருக்கு. இரவு மட்டை கிடந்தது உங்கடை வீட்டிலை."

ஜெயதீபன் குனிந்து முகர்ந்தான். வேப்பெண்ணெய்தான். இது எனக்கு ஏன் மணக்கவில்லை என்று பொருமினான்.

"நான்தான் வாளித் தண்ணிக்கை வைச்சனான்," ஜெசிதா விம்மினாள். "வெள்ளிக்கிழமை நல்லூர்க் கோயிலிலையிருந்து வரேக்கை தெப்பமா நனைஞ்சன். வீட்டை வந்தும் நீங்கள் இதைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தனீங்கள். ஒருக்கா இதுவும் நனையட்டும் எண்டு நினைச்சன். விடியப்புறம் பாத்தால் வீங்கிப்போச்சு... பயத்திலை..."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். அப்ப நீங்கள் இதுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தனீங்கள்."

பார்த்தீபன் மட்டையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தான்.

"ஆறு மணியாகப் போகுது," என்றாள் அருந்ததி.

பார்த்தீபன் தொலைபேசியை எடுத்தான். "கோகுலன், கூட்டம் இல்லையடா. மட்டை ஊறி வெடிச்சதுக்கு உன்னைப் பிழையா நினைச்சிட்டன். இப்ப வாறன், நேரிலை மன்னிப்புக் கேக்க."

"அப்ப ஆரடா செய்தது?" மறுமுனையின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஜெசிதா மூச்சைப் பிடித்தாள். பார்த்தீபன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ரை பிழைதான்," என்றான். "நான்தான் நனையவிட்டனான்."