நல்லா இருக்கீக

டேப்லெட் திரையில் இதயத் துடிப்புக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. வேர்வையில் நெஞ்சில் ஒட்டிய பட்டை கழன்றாலும், அரிக்கிறது என்று யாராவது பிய்த்து ஆணியில் மாட்டிவிட்டாலும் திரையில் இப்படித்தான் மேடு பள்ளம் இல்லாத வெறும் கோடு வரும், போன் போட்டு ஒரு சத்தம் போட்டால் மறுபடி ஒட்டிக்கொள்வார்கள். தேவிகா போனைக் கையில் எடுத்தும் விட்டாள். அப்போதுதான் கோட்டுக்குக் கீழே இருந்த சின்னக் குறிகள் கண்ணில் பட்டன. பட்டை தோலோடு சரியாக ஒட்டியிருக்கிறது என்றது ஒரு குறி. போட்டிருப்பவர் நிமிர்ந்து நிற்கிறார் என்றது அடுத்தது. நடக்கிறார் என்றது அதற்கும் அடுத்தது.

காரைக்குடியில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து நடத்திவந்த இதயத் துடிப்பு ஆராய்ச்சி அது. சுற்றுவட்டக் கிராமங்களில் மயக்கம், படபடப்பு என்று சொல்கிறவர்கள் நெஞ்சில் தீப்பெட்டி அளவுப் பட்டை ஒன்றை ஒரு வாரம் ஒட்டிவைப்பார்கள். துடிப்பு எங்கே தாளம் தப்புகிறது, யாருக்கு மாத்திரை போதும், யாருக்கு பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். வீடு வீடாகப் போய் ஒட்டுவதும், டாக்டர் சொன்ன முடிவைத் திரும்பப் போய்ச் சொல்வதும் தேவிகாவின் வேலை.

திரையில் இருந்த பெயர் சோலையம்மாள். இந்த ஆராய்ச்சியில் அவள் நிமிர்ந்து பார்க்க முடியாத பெயர் அது ஒன்றுதான்.

பங்குனியில் நடந்தது அது. சோலையம்மாளுக்கு முதல் முறை பட்டை ஒட்டிய மறுநாளே ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். அவர் பால்குடம் எடுக்கிறவர். காலையும் மாலையும் தலைக்கு ஊற்றிக்கொண்டு விரதம் இருக்க வேண்டும். "சாமி காரியத்துல இதை ஒட்டிக்கிட்டு நிக்கப்படாது தாயி, கோவிச்சுக்காத" என்று பட்டையைப் பிய்த்து, துடைத்து, வெற்றிலையில் வைத்துத் திருப்பித் தந்துவிட்டார். பதிவு பாதியில் நின்றது என்று சொல்லிவிட்டுத் திருவிழா முடிந்ததும் மறுபடி ஒட்டியிருக்கலாம். யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் அதுவரை தேவிகாவின் பகுதியில் ஒருவர்கூடப் பாதியில் விட்டதில்லை, கூட்டத்துக்குக் கூட்டம் அதைச் சொல்லி அவளைத்தான் எழுப்பி நிற்கவைப்பார்கள். அந்தப் பாழாய்ப்போன பெருமைக்காக, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் பட்டையைத் தன் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அது ரவிக்கைக்குள் இருந்தது.

துடிப்பில் குறையே இல்லை என்று முடிவு வந்தது. எப்படி இருக்கும், பதிவானது தேவிகாவின் துடிப்புதானே? களத்தில் நெல் தூற்றும்போது கண் இருட்டி விழுந்தவர் சோலையம்மாள். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லி மலேசியாவிலிருந்து மகன் பாண்டிமுருகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "நல்லா இருக்கீகம்மா, ஒன்னும் பயமில்ல" என்று தேவிகாதான் சொன்னாள். அந்த அம்மாள் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மதுரைப் பயணம் நின்றுபோனது. அன்றைக்கு வாய் கூசவில்லை. அதை நினைக்கும்போதுதான் இப்போது உடம்பே கூசியது.

இந்த ஐப்பசியில் எல்லோருக்கும் இரண்டாவது முறை ஒட்டவேண்டும் என்றார்கள். இந்தத் தடவை உண்மை தானாக வெளியே வந்துவிடும், அவருக்கு வைத்தியமும் நடந்துவிடும், நம் பெயரும் வெளியே வராது என்று திருட்டுத்தனமாக நம்பிக்கொண்டு, போன வாரம் அவளே போய் ஒட்டிவிட்டு வந்திருந்தாள்.

பதிவைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். நேற்று முழுக்க வெறும் கோடு. இன்னும் பின்னால் தள்ளினாள். முந்தாநாள் விடியற்காலையில்தான் துடிப்பு இருந்தது. ஒரு துடிப்பு, பிறகு நீளமாக ஒன்றுமில்லை, பிறகு ஒரு துடிப்பு, அதைவிட நீளமாக ஒன்றுமில்லை. பங்குனியிலேயே பிடிபட்டிருக்க வேண்டிய நோய், படம் போட்டுக் காட்டியதுபோல் அங்கே இருந்தது. பிறகு கோடு படுத்துவிட்டது. போட்டிருப்பவர் படுத்திருக்கிறார், அசையவில்லை என்று காட்டியது கீழே இருந்த குறி. வெகுநேரம் அப்படியே. அப்புறம், கோட்டில் ஒரு சின்ன மேடுகூட இல்லாமல், அந்தக் குறி மாறியது. எழுந்து உட்கார்ந்தார். எழுந்து நின்றார். நடந்தார்.

டாக்டர் வள்ளியப்பன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பட்டை கோளாறு தேவிகா. போய் மாத்திட்டு வந்துருங்க. உங்க பகுதியிலதான் ஒரு பதிவுகூட வீணாகல, நம்ம கட்டுரையே அதை நம்பித்தான் நிக்குது."

சார், அதில் ஒன்று பொய். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டாள்.

கண்டரமாணிக்கம் தாண்டி உள்ளே போகும் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. செம்மண் தண்ணீர் சக்கரத்தில் சளப்சளப்பென்று அடித்தது, கண்மாய்க்கரைக் கருவேல மரங்கள் சாயங்காலத்திலேயே இருட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றன, எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அம்மா, நான் சொன்னது உங்க நெஞ்சைப் பத்தி இல்ல, அது என் நெஞ்சு, என்னை மன்னிச்சிருங்க. வேலை போனால் போகட்டும். இன்றைக்கே ஆம்புலன்ஸ் வைத்து மதுரைக்குத் தூக்கிப்போய்விடலாம். பட்டை கோளாறாகத்தான் இருக்க வேண்டும். மனுஷி நடமாடுகிறாளே, அப்புறம் என்ன?

சோலையம்மாளின் ஓட்டு வீடு தெருக்கடைசியில் இருந்தது. கரண்ட் இல்லை. வாசலில் கட்டியிருந்த ஆடு, கூரைக்குக் கீழே ஒதுங்காமல், கயிறு கழுத்தை இறுக்கும் அளவுக்குத் தெருப்பக்கம் இழுத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி நின்றது. உள்ளேயிருந்து சாம்பிராணிப் புகை குபுகுபுவென்று வந்தது. கண் எரிகிற அளவுக்குப் புகை. அதற்கு அடியில், பரணில் எலி செத்துக் கிடந்தால் வருமே, அந்த வாடை.

அவள் கூப்பிடுவதற்குள் மருமகள் காளீஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள். தூங்கி நாளான முகம்.

"அக்கா, உள்ள போயி எதையும் சொல்லிராதீக."

"என்ன ஆச்சு காளீஸ்வரி?"

"முந்தாநாத்து விடியக்காலம் எழுப்புனேன், அத்தை எந்திரிக்கல. கை சில்லுன்னு கெடக்கு. மூக்குல மூச்சு இல்ல. எனக்கு அழுகை வரலக்கா, ஆத்திரந்தான் வந்துச்சு. தேவிகாக்கா நல்லா இருக்குன்னு சொன்னாகளே, ஒன்னும் பயமில்லன்னு சொன்னாகளே, எந்திரிங்க அத்தைன்னு காதுகிட்டப் போயிக் கத்துனேன்." காளீஸ்வரி ஒரு தடவை வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "கண்ணைத் தொறந்துட்டாக."

தேவிகாவுக்குக் காதில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவுக மகன் மலேசியாவுலருந்து நாளைக்கழிச்சு வந்துருவாரு. டிக்கெட்டு போட்டாச்சு. ஆத்தாளை உசுரோட ஒரு தடவை பாத்துக்கிறட்டும்கா. அதுவரைக்கும் நல்லா இருக்காகன்னு நீங்க சொன்ன அந்த வார்த்தையை மாத்திப்புடாதீக, ஒங்க கால்ல விழுறேன்."

உள்ளே முறத்தில் உளுந்து புடைக்கும் சத்தம் கேட்டது. சர்சர்ரென்று ஒரே சீராக, நடுவில் கை ஓயாமல், எந்தப் பொம்பளையும் இப்படி ஓயாமல் புடைக்க முடியாது என்று தோன்றுகிற மாதிரி. தேவிகா நிலைப்படியைத் தாண்டினாள். சத்தம் நின்றது.

"தேவிகாவா? வா தாயி. இங்குட்டு வந்து உக்காரு."

அடுப்பு வெளிச்சத்தில் சோலையம்மாள் உட்கார்ந்திருந்தார். முறம் மடியில் இருந்தது. அதில் ஒரு பொட்டு உமியோ தூசியோ இல்லை, புடைத்ததையே புடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சிரித்தார், அதே வெற்றிலைக் காவிப் பல். பேசி முடித்ததும் அவர் நெஞ்சு அசையாமல் நின்றுவிட்டது. தேவிகா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. அடுத்த பேச்சு வரும்போதுதான் ஒரு வாய்க் காற்றை இழுத்துக்கொண்டார்.

"பட்டையை மாத்த வந்தியா? மாத்து."

பட்டையைத் தொட்டாள். விரல் நுனியில் பட்ட தோல், கிணற்றடிக் கல்லைப் போல் ஈரமாகக் குளிர்ந்திருந்தது. பட்டையின் ஓரத்தைத் தூக்கினாள். தோலும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது. மெதுவாக, பழையபடி அமுக்கி வைத்தாள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். வைத்தாள். நகர்த்தி வைத்தாள். முதுகில் வைத்தாள். எங்கேயும் ஒன்றுமில்லை. மூடிய பானைக்குள் காதை வைத்ததுபோல் இருந்தது. எறும்பு ஒன்று அவர் கடைக்கண்ணில் ஏறியது. விழி வெள்ளையில் நடந்தது. அவர் இமைக்கவில்லை.

"தாயி." காற்றை இழுத்துக்கொண்டார். "எனக்கு என்னமோ சரியில்ல."

தேவிகா குழாயைக் காதிலிருந்து எடுத்தாள்.

"பசிக்கல. தூக்கம் வரல. ராவும் பகலும் உள்ளுக்குள்ள குளுருது, அடுப்படியிலயே உக்காந்துருக்கேன், போகமாட்டேங்குது. படுத்துக்கிறலாமுன்னு இருக்கு. நல்லாப் படுத்துக்கிறணும்போல இருக்கு. காளீஸ்வரிகிட்டக் கேட்டா மொகத்தைப் பாக்கமாட்டேங்கிறா." மறுபடி ஒரு வாய்க் காற்று. "நீ படிச்ச புள்ள. கருவி வச்சுப் பாத்தவ. நீயாச்சும் நெசத்தைச் சொல்லு. எனக்கு ஒன்னுமில்லையா?"

கெஞ்சினார். அதைத்தான் தேவிகாவால் தாங்க முடியவில்லை. கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த அந்த வாக்கியம் போதும். அதைச் சொன்னால் இந்த அம்மாள் படுத்துக்கொள்வார். வாசலில் காளீஸ்வரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். ஆனால் தேவிகா தயங்கியது காளீஸ்வரிக்காக இல்லை. அது அவளுக்கே தெரிந்தது. இந்த முகத்துக்கு நேரே, உன்னைக் கொன்றது நான்தான் என்று சொல்ல வேண்டும். கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட முகம். வெட்கம். வெட்கமாக இருந்தது. செத்தவள் முன்னால்கூட நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகத் துடிக்கிற அற்ப மனசு.

வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கீகம்மா."

அவளுடைய குரல்தான். தெளிவாக, வாஞ்சையாக.

"ஒன்னும் பயமில்ல."

வாசலில் காளீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சோலையம்மாள் தேவிகாவையே பார்த்தார். அந்தப் பார்வையில் எதுவோ ஒன்று, கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒன்று, அணைந்தது. பிறகு தலையசைத்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"அப்பச் சரி. இரு, காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போ."

எழுந்தார். அடுப்பில் ஈயச்சட்டி கொதித்துத் தளும்பிக்கொண்டிருந்தது. துணி எடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் சட்டியின் விளிம்பைப் பிடித்தார். தூக்கினார். அவசரமே இல்லை. சுர்ரென்று ஒரு சத்தம். டம்ளரில் ஊற்றினார், நுரை அடங்கப் பொறுத்து, மறுபடி ஊற்றினார். சட்டியைக் கீழே வைத்தபோது விரல்கள் வந்தன. விரல்களின் தோல் சட்டியோடு நின்றுகொண்டது.

ரத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை.

சோலையம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே டம்ளரை எடுத்து நீட்டினார்.

"இதுவும் ஒன்னுமில்லதானே தாயி?"

தேவிகா தலையாட்டினாள். இரண்டு கைகளையும் நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்தது. ஒரு பக்கம் வழுக்கியது.

"குடி, ஆறிப்போயிரும்" என்றார் சோலையம்மாள். அவள் ஒரு வாய் குடிக்கும்வரை பார்த்திருந்தார். பிறகு குளிருக்கு அடக்கமாக அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, எரிகிற கட்டையை அந்த விரல்களால் நெருப்புப் பக்கத்தில் பிடித்து உள்ளே தள்ளினார். கையை அங்கேயே வைத்துக்கொண்டார்.